தோள்பட்டைக்குப் பின்னால் ஊகம்: பிளாக்கோடெர்ம் மீன்கள் பற்றிக் கேள்வி பதில்

பிளாக்கோடெர்ம் என்றால் தகட்டுத்தோல். தலையையும் மார்பையும் எலும்புத் தகடுகள் கவசம்போல் மூடியிருந்த, தாடையுள்ள ஆதி மீன்கள் இவை. நமக்குத் தெரிந்த மிகப் பழையவை சிலூரியன் காலத்தவை, 43.6 கோடி ஆண்டுகள் பழையவை. டெவோனியன் காலம் முடியும்போது, 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒன்று மிச்சமில்லாமல் அற்றுப்போயின. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது.

யாழினி: ஐயா, ஆஸ்ட்ராக்கோடெர்ம் என்று வேறொரு கவச மீன் கூட்டமும் இருக்கிறதே? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

தாடையைப் பாருங்கள். ஆஸ்ட்ராக்கோடெர்ம்களுக்குத் தாடை கிடையாது, பிளாக்கோடெர்ம்களுக்கு உண்டு. தாடை கிடைக்காத உடைசல் என்றால், தலைக்கவசமும் மார்புக்கவசமும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளாக்கோடெர்மில் இரண்டும் தனி. ஆர்த்ரோடைர் என்னும் பெரிய பிரிவில் அவற்றுக்கு இடையே பந்தும் கிண்ணமும்போல ஒரு மூட்டே இருக்கும். அந்தப் பெயருக்கே மூட்டுக்கழுத்து என்றுதான் பொருள்.

அருண்: டங்கிளியோஸ்டியஸ் எவ்வளவு நீளம்? ஒரு இடத்தில் 10 மீட்டர், இன்னொரு இடத்தில் 6, இப்போது 4 என்கிறார்கள். எதை நம்புவது?

இந்தக் கேள்வி பலமுறை வரும் என்று தெரியும். அதனால் இங்கேயே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

டங்கிளியோஸ்டியஸ் டெவோனியன் இறுதிக்காலத்தில் வாழ்ந்த பெரிய ஆர்த்ரோடைர். முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1867இல் ஜே டெரெல் என்பவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரைச் சரிவில் இதன் தகடுகளைக் கண்டெடுத்தார். 1873இல் நியூபெர்ரி என்ற நிலவியலாளர் அதை விவரித்தார். டங்கிளியோஸ்டியஸ் என்ற பேரினப் பெயர் 1956இல் வந்தது. அன்று முதல் இன்று வரை கிடைத்திருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை தலைக்கவசமும் மார்புக்கவசமும் தாடைத் தகடுகளும்தான். உடலின் பின்பாதி குருத்தெலும்பால் ஆனது. அது மட்கிப்போய்விடும். ஆகவே 10 மீட்டர் என்றாலும் 4 மீட்டர் என்றாலும் இரண்டுமே முன்பாதியை அளந்து பின்பாதியைக் கணக்கிட்டுச் சொன்னவை. எந்தக் கணக்குக்கு அடிப்படை உறுதியாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய எண்களில் பல, முறையான கணக்கே இல்லாமல் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து எழுதியதால் நிலைத்தவை. 2017இல் வந்த ஒரு ஆய்வு, சுறாக்களின் வாய்ச் சுற்றளவுக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை இதற்குப் பொருத்தியது. ஒரு மாதிரிக்கு 6.88 மீட்டர், மிகப் பெரியதற்கு 8 மீட்டருக்கு மேல் என்று வந்தது. 2023இல் ரஸ்ஸல் எங்கல்மன் என்ற ஆய்வாளர் வேறொரு அளவை எடுத்தார்: கண்குழியின் முன்விளிம்பிலிருந்து தலையின் பின்விளிம்பு வரை. மீனுக்கு மீன் மூக்கு நீளும், குறுகும். ஆனால் மூக்குக்குப் பின்னால் உள்ள பகுதியில்தான் மூளைப்பெட்டியும் செவுளும் இருக்கின்றன. உடலுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ அதற்கேற்றபடிதான் செவுள் அறையின் அளவும் அமையும். அதனால் இந்த அளவு உடல் நீளத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. நூற்றுக்கணக்கான மீனினங்களில் இதைச் சரிபார்த்த பிறகு அவருக்குக் கிடைத்த விடை: வளர்ந்த மீன் சுமார் 3.4 மீட்டர், நமக்குத் தெரிந்த மிகப் பெரிய மாதிரி சுமார் 4.1 மீட்டர்.

என் தீர்ப்பைக் கேட்டால், 3.4 முதல் 4.1 வரை என்று எழுதுங்கள். எடை ஒரு டன்னை ஒட்டியது. நீளம் குறைந்ததால் மீன் சிறுத்துவிடவில்லை. மார்புக்கவசத்தின் அகலமும் உயரமும் எலும்பாகவே கையில் உள்ளன, அவை மாறவில்லை. கட்டையான, தடித்த, சூரை மீனைப்போல் திரண்ட உடல் என்று கற்பனை செய்யுங்கள்.

செல்வி: அதன் கடி விசை உண்மையில் எவ்வளவு? பற்களே இல்லை என்கிறார்களே, பிறகு எப்படிக் கடித்தது?

2006–07இல் ஆண்டர்சனும் வெஸ்ட்நீட்டும் தாடையின் இயக்கத்தைக் கணினியில் மாதிரியாக்கினார்கள். தாடை முனையில் சுமார் 4,400 நியூட்டன், பின்பக்க வெட்டுத் தகட்டில் 5,300 நியூட்டனுக்கு மேல் என்று கிடைத்தது. வாய் திறக்க எடுத்த நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

அந்த வேகத்துக்குக் காரணம் நான்கு பகுதிகள் சேர்ந்த நெம்புகோல் அமைப்பு. நாம் வாய் திறந்தால் கீழ்த்தாடை மட்டும் இறங்கும். இங்கே கழுத்து மூட்டில் தலைக்கவசம் மேலே தூக்கிக்கொள்ள, அதே கணத்தில் கீழ்த்தாடையும் இறங்கும். வாய் திடீரென அகலத் திறப்பதால் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும், இரையும் அதோடு வரும்.

வெட்டியது பல் அல்ல, தாடை எலும்புத் தகட்டின் விளிம்பு. மேல் தகடும் கீழ்த் தகடும் கத்தரிக்கோல்போல் ஒன்றோடொன்று உரசி, தேயத் தேயத் தாமே கூர்மையாகிக்கொண்டன. தேய்ந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. நியூட்டன் எண்கள் தசையின் அளவை ஊகித்துப் பெற்றவை. தசை கல்லாகவில்லை. 2009இல் அதே ஆய்வாளர்கள் செய்த மறுகணக்கில் எண்கள் இன்னும் கூடின. அதனால் "சுமார்" என்ற சொல் இல்லாமல் இந்த எண்களை எழுத வேண்டாம்.

கதிர்: மெகலோடானும் டங்கிளியோஸ்டியஸும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

மெகலோடான் பிற்கால ராட்சதச் சுறா. இரண்டுக்கும் நடுவே 33 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. பதில் சொல்ல எதுவும் இல்லை, தம்பி.

ஃபாத்திமா: ஆஸ்திரேலியாவின் கோகோ மீன்களை அமிலத்தில் கரைத்து எடுப்பதாகப் படித்தேன். எலும்பு கரையாமல் கல் மட்டும் எப்படிக் கரைகிறது? செய்முறையைச் சொல்ல முடியுமா?

நல்ல கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் உள்ள கோகோ படிவத்தில், சுமார் 38 கோடி ஆண்டுகள் பழைய சுண்ணாம்புக்கல் உருண்டைகளுக்குள் மீன்கள் நசுங்காமல் முப்பரிமாணமாகவே கிடைக்கின்றன. உருண்டை கால்சியம் கார்பனேட், எலும்பு கால்சியம் பாஸ்பேட். மென்மையான அசிட்டிக் அமிலம் கார்பனேட்டை வேகமாகத் தின்னும், பாஸ்பேட்டை மிக மெதுவாகத்தான் தொடும். அந்த வேக வித்தியாசத்தை நம்பித்தான் முழு வேலையும். வித்தியாசம் குறைந்தால் எலும்பும் போய்விடும்.

முதல் வேலை, உருண்டையை உடைக்கும்போது வெளியே தெரிந்த எலும்பைக் காப்பது. அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினைத் தூரிகையால் தடவி முழுக்கக் காயவிடுங்கள். மெல்லிய தகடு என்றால் எலும்பு தெரியும் பக்கத்தைப் பாலியெஸ்டர் பிசினில் பதித்துவிட்டு மறுபக்கத்திலிருந்து கல்லைக் கரைப்பார்கள். அப்போது எலும்புக்கு முதுகுத் தாங்கல் கிடைக்கும்.

அமிலக் கரைசல் 5 முதல் 10 சதவீதம். எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் கால்சியம் ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்தால் கரைசலில் பாஸ்பேட் ஏற்கெனவே இருப்பதால் எலும்பிலிருந்து வெளியேறுவது குறையும். முன்பு பயன்படுத்திய கரைசலில் ஒரு பங்கைக் கலப்பதும் பழைய வழக்கம், அதிலுள்ள கால்சியம் அசிட்டேட்டும் வேகத்தைத் தணிக்கும். முதல் முறை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது கழுவுதல். பெரும்பாலோர் இங்கேதான் மாதிரியை இழக்கிறார்கள். அமிலத்தில் இருந்த நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் தண்ணீரில் இருக்க வேண்டும், தண்ணீரை மாற்றிக்கொண்டே. கழுவல் குறைந்தால் எலும்பின் துளைகளில் கால்சியம் அசிட்டேட் தங்கி, காயும்போது படிகமாகி, வெள்ளை ரோமம்போல் வெளியே வளரும். அந்தப் படிகங்கள் எலும்பை உள்ளிருந்து பிளக்கும். கழுவி முடித்ததும் நிழலில் மெதுவாகக் காயவையுங்கள். புதிதாக வெளிவந்த எலும்புக்குப் பிசின் பூசுங்கள். மறுபடி அமிலம், மறுபடி கழுவல். ஒரு மாதிரிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கெடுவது எப்போது? குமிழி வருவது நின்ற பிறகும் அமிலத்திலேயே விட்டுவைத்தால் தின்னக் கார்பனேட் இல்லாமல் அமிலம் எலும்பின் மேல் திரும்பும். பிசின் ஈரமாக இருக்கும்போதே அமிலத்தில் இட்டால் அது பால்போல் வெளுத்து உரியும். காற்றோட்டம் இல்லாத அறையில் செய்தால் உங்கள் நுரையீரல் கெடும். அடர் அசிட்டிக் அமிலம் தோலைச் சுடும், எளிதில் தீயும் பற்றும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடவே கூடாது. அது கல்லையும் எலும்பையும் சேர்த்தே கரைத்துவிடும்.

பிரபு: அருணுக்குச் சொன்ன பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்ச் சுற்றளவும் எலும்பிலிருந்து அளந்ததுதானே? சுறாவோடு ஒப்பிடுவதில் என்ன தவறு? இத்தனை அருங்காட்சியகங்கள் பல ஆண்டுகளாக வைத்திருந்த எண்ணை ஒரே ஒருவரின் கணக்கு தள்ளிவிடுமா?

எத்தனை அருங்காட்சியகங்கள் வைத்திருந்தன என்பது சான்று ஆகாது. அவை ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்தவை. ஆனால் உங்கள் முதல் கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாய்ச் சுற்றளவு எலும்பில் அளந்ததுதான். ஆனால் அதை உடல் நீளமாக மாற்றிய விகிதம் சுறாவினுடையது. அந்த விகிதம் ஆர்த்ரோடைர்களுக்குப் பொருந்துமா என்று சோதிக்க வழி இருக்கிறது. காக்கோஸ்டியஸ் என்ற சிறிய ஆர்த்ரோடைர் ஸ்காட்லாந்தின் மத்திய டெவோனியன் பாறைகளில் வால் வரை முழுதாகக் கிடைக்கிறது. அதன் உண்மை நீளத்தை அளவுகோலால் அளந்துவிடலாம். அதன் வாயை அளந்து சுறா விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். கணக்கில் வரும் நீளம் உண்மை நீளத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். ஆர்த்ரோடைர்களுக்கு உடல் அளவுக்கு வாய் மிகப் பெரியது. அந்தப் பெரிய வாயைச் சுறாவின் கணக்கில் போட்டதால்தான் மீன் நீண்டது.

விடை தெரிந்த மாதிரியில் தோற்கும் சூத்திரத்தை விடை தெரியாத மாதிரியில் நம்ப முடியாது.

ரம்யா: பிளாக்கோடெர்ம் குட்டி போட்டது என்பது உண்மையா? வயிற்றில் இருந்தது அது தின்ற இரையாகவும் இருக்கலாமே?

உண்மை. 2008இல் ஜான் லாங் குழுவினர் வெளியிட்ட மேட்டர்பிஸ்கிஸ் என்ற மீன்தான் முதல் சான்று. கோகோவில் கிடைத்தது, சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், பெயருக்குத் தாய்மீன் என்று பொருள். உள்ளே ஒரே ஒரு கரு, கூடவே கனிமமாகிய தொப்புள்கொடி.

இரை என்ற ஐயத்துக்கு மூன்று பதில்கள். உள்ளே இருக்கும் சிறு எலும்புகள் தாயின் இனத்துக்கே உரிய வடிவில் உள்ளன. அவை உடைபடவில்லை, செரிமான அமிலத்தில் அரிபடவும் இல்லை. மூன்றாவது அந்தத் தொப்புள்கொடி, இரைக்கு அது இருக்காது. இதைக் கண்ட பிறகு பழைய சேகரிப்புகளைத் திரும்பப் பார்த்தார்கள். ஆஸ்ட்ரோப்டிக்டோடஸ் என்ற உறவு மீனுக்குள் மூன்று கருக்கள் இருந்தன. 2009இல், இன்சிசோஸ்குட்டம் என்ற ஆர்த்ரோடைருக்குள் இரை என்று முன்பு குறித்து வைத்திருந்தது கரு என்று தெரியவந்தது. உங்களுக்கு வந்த அதே ஐயம்தான் அங்கே எதிர்த்திசையில் பிழையாகியிருந்தது.

2014இல் இன்னும் பின்னால் போனார்கள். மைக்ரோபிராக்கியஸ் என்ற சிறிய மீன், பிளாக்கோடெர்ம்களில் ஆன்டியார்க் என்னும் பிரிவைச் சேர்ந்தது, சுமார் 38.5 கோடி ஆண்டுகள் பழையது. ஆணுக்கு வளைந்த எலும்புப் பற்றுறுப்புகள், பெண்ணுக்கு அவற்றைப் பிடித்துக்கொள்ளச் சிறு தகடுகள். இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி நின்றுதான் இணைய முடிந்திருக்கும். முதுகெலும்பிகளில் உட்கருவுறுதலுக்கு இதைவிடப் பழைய தெளிவான சான்று இதுவரை இல்லை.

சுந்தர்: டங்கிளியோஸ்டியஸ் நீளம் என்ன சார்?

அருணுக்கும் பிரபுவுக்கும் தந்த பதில்களைப் படியுங்கள்.

வெற்றி: பற்கள் இல்லை என்று செல்விக்குச் சொன்னீர்கள். ஆனால் பிளாக்கோடெர்முக்குப் பல் இருந்தது என்றும் ஆய்வு வந்திருக்கிறதே?

டங்கிளியோஸ்டியஸின் வெட்டு விளிம்பைப் பற்றித்தான் அங்கே சொன்னேன். கூட்டம் முழுவதற்கும் அப்படிச் சொல்ல முடியாது. 2012இல் கோகோவின் கம்பகோபிஸ்கிஸ் தாடையைச் சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் எக்ஸ்-கதிரால் உள்ளே அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தபோது, விளிம்பிலுள்ள முனைகளில் பல்லுக்குரிய டென்டின் திசுவும் நடுவே கூழ்க்குழியும் இருப்பதாக அறிவித்தார்கள். அது பல்தானா, பல் என்பதன் வரையறை என்ன என்று சர்ச்சை நடந்தது. 2020இல் செக் நாட்டின் பிராக் பகுதியில் கிடைத்த அக்காந்தோதொராசிட் மீன்களில் தாடையோடு ஒட்டிய பல் வரிசைகளும், புதுப் பற்கள் உட்பக்கமாகச் சேர்வதும் தெரிந்தன. அவை பிளாக்கோடெர்ம்களில் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்தவை. அதனால் பல் தொடக்கத்திலேயே இருந்தது, பின்னால் வந்த சில கிளைகள் அதை இழந்தன அல்லது மாற்றிக்கொண்டன என்ற பக்கம் என் சாய்வு.

பிரபு: காக்கோஸ்டியஸ் ஒரு முழத்துக்கும் குறைவான மீன். அதை வைத்து ராட்சத மீனை எப்படி அளப்பீர்கள்? பெரிய மீனுக்கு உடல் வேறு விகிதத்தில் நீண்டிருக்கலாம். விலாங்கைப் பாருங்கள், தலை சிறிது, உடல் எத்தனை நீளம்!

விலாங்கை எடுத்தது நல்லதாயிற்று. தலையளவுக் கணக்கு தோற்கும் இடம் அதுதான். ஆகவே டங்கிளியோஸ்டியஸ் விலாங்கு வடிவமா என்று கேட்டாக வேண்டும்.

மார்புக்கவசம் உடலின் குறுக்களவை நேரடியாகத் தருகிறது. அது ஆழமானது, அகலமானது. 9 மீட்டர் வேண்டும் என்றால் அத்தனை பருத்த முன்பாதிக்குப் பின்னால் நீண்ட குழாய் ஒன்றை ஒட்டவைக்க வேண்டும். விலாங்குகளில் தலையும் உடலும் சேர்ந்தே மெலிந்திருக்கும், முன்பாதி பீப்பாய், பின்பாதி கயிறு என்று இருக்காது. மொராக்கோவில் கிடைத்து 2022இல் பெயரிடப்பட்ட அமாசிக்திஸ் என்ற ஆர்த்ரோடைரையும் பாருங்கள். டெவோனியன் இறுதிக்காலம், அதாவது டங்கிளியோஸ்டியஸின் காலம். உடலின் புறவரை வால் வரை பதிந்திருக்கிறது. வேகமாக நீந்தும் மீனின் வடிவம் அது, விலாங்கு அல்ல. முழு உடலும் தெரிந்த எந்த ஆர்த்ரோடைரும் விலாங்கு வடிவில் இல்லை.

அளவு மாறும்போது விகிதமும் மாறும் என்பது சரியான எச்சரிக்கை. அதற்காகத்தான் எங்கல்மன் சிறிய மீன் முதல் பெரிய மீன் வரை எடுத்தார். உங்களிடம் வேறு கணக்கு இருந்தால் முதலில் காக்கோஸ்டியஸில் போட்டுச் சரியான நீளம் வருகிறதா என்று காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

முருகேசன்: என்னிடம் புள்ளி புள்ளியாக மேடு உள்ள ஒரு கல் இருக்கிறது. பிளாக்கோடெர்ம் தகடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லைப் பார்க்கும் முன் பாறையின் வயதைப் பாருங்கள். எடுத்த இடத்தின் நிலவியல் வரைபடம் சிலூரியன் அல்லது டெவோனியன் என்று சொல்லவில்லை என்றால் வேலை அங்கேயே முடிந்தது. எந்த அழகான மேடும் அதை மாற்றாது.

வயது பொருந்தினால் கைக்கண்ணாடியை எடுங்கள். உடைந்த விளிம்பில் மேலே அடர்த்தி, நடுவே பஞ்சுபோன்ற துளைகள், அடியில் மெல்லிய அடுக்குகள் என்று தெரிந்தால் எலும்பு. ஒரே சீரான மணி என்றால் கல். தகட்டின் மேல், மேடுகளை ஊடறுத்து ஓடும் ஒரு வாய்க்கால் இருக்கிறதா என்று தேடுங்கள். அது நீரசைவை உணரும் பக்கக்கோட்டுக் கால்வாய். பிறகு ஓரங்கள்: பக்கத்துத் தகடு மேலே படிந்திருந்த ஓரம் மேடுகள் இல்லாமல் வழவழப்பாகச் சரிந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் நம்பிக்கை வைக்கலாம். மேடுகள் வலைபோல் இணைந்திருந்தால் பாத்ரியோலெபிஸ் பக்கம் யோசியுங்கள். உலகம் முழுதும் பரவிய பிளாக்கோடெர்ம் பேரினம் அது.

அதிகம் ஏமாற்றுவது ஆமை ஓடு. அதில் கொம்புச் செதிலின் பள்ளங்கள் எலும்பு மூட்டுகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும்.

வாங்கப்போகும் பொருள் என்றால் இன்னும் கவனம். பல உயிர்களின் தகடுகளைச் சேர்த்து ஒட்டி, இடைவெளியைக் கல்தூள் பசையால் நிரப்பி, ஒரே தலையாக விற்பது சாதாரணம். புற ஊதா விளக்கில் பார்த்தால் பசை பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்தால் சாயம் பஞ்சில் ஏறும்.

கௌசல்யா: நாம் பிளாக்கோடெர்மிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லலாமா?

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் வரையும் குடும்ப மரத்தின்படி, சொல்லலாம். முன்பு பிளாக்கோடெர்ம்கள் தனிக் கிளை, வாரிசில்லாமல் முடிந்தது என்று வைத்திருந்தார்கள். அந்த மரத்தை அசைத்தது சீனாவின் யுன்னானில் கிடைத்த எண்டெலோக்னதஸ். சுமார் 41.9 கோடி ஆண்டுகள் பழைய, 20 சென்டிமீட்டர் மீன். 2013இல் சு மின் குழுவினர் வெளியிட்டார்கள். கழுத்துக்குப் பின்னால் பார்த்தால் அசல் பிளாக்கோடெர்ம். முகத்தைப் பார்த்தால் மேல்தாடையின் இரண்டு எலும்புகளும் கீழ்த்தாடையின் வெளி எலும்பும் நமக்கு இருப்பவைதான். எலும்பு மீன்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த முகம் ஒரு தகட்டு மீனில் இருந்தது.

இதன் விளைவு சுறாக்களின் பக்கம் பெரிது. ஆதி மீன் சுறாவைப்போல் எலும்பில்லாமல் இருந்திருக்கும் என்ற பழைய எண்ணம் தலைகீழானது. சுறாக்கள்தான் எலும்பைப் பின்னால் இழந்தவை. 2020இல் மங்கோலியாவின் மின்ஜினியா மூளைப்பெட்டிக்குள் நம்முடையதுபோல் உள்ளெலும்பு இருந்ததாகக் காட்டியதும் இதே திசையில் போகிறது.

ஆகவே "பிளாக்கோடெர்ம்" என்பது ஒரு முழுக் குடும்பத்தின் பெயர் அல்ல. தாடையுள்ள முதுகெலும்பிகளின் அடிமரத்தில் அடுத்தடுத்துப் பிரிந்த பல கிளைகளுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர். அந்த அடிமரத்தின் தொடர்ச்சியில்தான் நாம் இருக்கிறோம். ஆனால் டங்கிளியோஸ்டியஸ் நம் மூதாதை அல்ல. அது பக்கவாட்டில் போய் முடிந்த கிளை.

தினேஷ்: அசிட்டிக் அமிலம் கிடைக்கவில்லை. கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தைத் தண்ணீர் நிறையக் கலந்து போடலாமா?

கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எத்தனை தண்ணீர் கலந்தாலும் எலும்பு போய்விடும். ஃபாத்திமாவுக்குத் தந்த பதிலின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

மேரி: என்னுடைய மாதிரி கறுப்பு ஷேல் பாறையில் இருக்கிறது. அதற்கும் அமில முறைதானா? அதில் மஞ்சள் பொடி வேறு உதிர்கிறது.

அமிலம் வேண்டவே வேண்டாம். ஷேல் களிமண்ணால் ஆனது, கரையக் கார்பனேட் போதாது. ஊசியாலும், காற்றழுத்தத்தால் அதிர்ந்து கல்லைச் செதுக்கும் காற்றுப் பேனாவாலும் கையால் செதுக்குவதுதான் வழி. மஞ்சள் பொடி பெரிய அபாயம். பாறையில் உள்ள பைரைட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஆக்சிஜனேறுகிறது. கந்தக அமிலமும் இரும்பு சல்பேட்டும் உண்டாகி, பருத்து, எலும்பைப் பிளக்கும். கந்தக வாடையும் வரும். உடனே மற்ற மாதிரிகளிடமிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், உள்ளே ஒரு ஈரமானி வைத்துப் பாருங்கள். பொடியை உலர்ந்த தூரிகையால் மட்டும் எடுங்கள். தண்ணீரில் கழுவினால் வினை வேகமாகும். மேலே பிசின் பூசி மூடினாலும் உள்ளே அது தொடரும். முற்றியிருந்தால் எத்தனோலமைன் தயோகிளைகோலேட் சிகிச்சை உண்டு, அதை அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் செய்யட்டும்.

ஹரி: சுறாக்கள் போட்டியில் வென்றதால்தானே இவை அழிந்தன?

அந்தக் கதைக்குச் சான்று இல்லை. சுறாக்களின் முன்னோரோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே நீரில் வாழ்ந்து, அந்தக் காலம் முழுதும் எண்ணிக்கையிலும் வகையிலும் இவைதான் ஓங்கியிருந்தன. அடித்தது இரண்டு பேரழிவுகள். சுமார் 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கெல்வாசர், அதில் பல கிளைகள் போயின. 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹாங்கன்பெர்க், அதில் மிச்சமும். இரண்டிலும் கடலில் ஆக்சிஜன் வற்றியதற்குக் கறுப்பு ஷேல் படிவுகள் சாட்சி. நன்னீரில் இருந்தவையும் தப்பவில்லை என்பதால் ஆக்சிஜன் ஒன்றையே காரணமாக்க முடியாது. சுறாக்கள் பெருகியது அதன் பிறகு, காலியான இடத்தில்.

கணேஷ்: டங்கிளியோஸ்டியஸ் 10 மீட்டர் என்று என் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள்.

புத்தகம் எந்த ஆண்டு அச்சானது என்று பாருங்கள். 2023க்கு முன்பு என்றால் பழைய எண்தான் இருக்கும். நீளம் பற்றி இதற்கு மேல் பதில் எழுதமாட்டேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இளவரசி (பள்ளி மாணவி): கண்காட்சிக்காக டங்கிளியோஸ்டியஸ் படம் வரைகிறேன். வால் எப்படி இருக்கும்? என்ன நிறம்?

நிறம் தெரியாது, பிடித்ததைப் பூசுங்கள். வாலுக்கு வழி சொல்கிறேன்.

பத்தில் ஒரு பங்கு அளவில் வரையுங்கள், மொத்த நீளம் 34 சென்டிமீட்டர் வரும். முதலில் தலைக்கவசம், மார்புக்கவசம், தாடைத் தகடுகள் ஆகியவற்றை ஏதாவது ஒரு அருங்காட்சியக மாதிரியின் பக்கவாட்டுப் புகைப்படத்தைப் பார்த்து அழுத்தமான கோட்டால் வரையுங்கள். கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் உண்டு, மறக்க வேண்டாம். பல படங்களில் வாய் ஓரம் வரை தகடு வெறுமையாகத் தெரியும். உயிரோடு இருந்தபோது மேலே தோல் இருந்திருக்கும், உதடும் இருந்திருக்கக்கூடும்.

மார்புக்கவசம் முடியும் இடத்தில் பென்சிலை மாற்றுங்கள். அங்கிருந்து விட்டு விட்டு வரும் கோடு. அமாசிக்திஸைப் பார்த்து, பிறைநிலா வடிவ வால் வரையலாம். உடலை மார்புக்கவசத்தின் உயரத்திலிருந்து சட்டென்று குறுக்காமல், சூரை மீனைப்போல் சீராகச் சரியவிடுங்கள். படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள்: "அழுத்தமான கோடு கிடைத்த எலும்பு, விட்ட கோடு உறவு மீன்களிலிருந்து ஊகித்தது."